செல்டாவில் தொலைந்த டன்ஜன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நிண்டெண்டோவின் செல்டா வீடியோகேம் வரிசையைப் பற்றி நீங்கள் எழுதுவதையெல்லாம் படித்து வருகிறேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த ஒன்றை இப்போது கேட்கிறேன்.

என் முதல் செல்டா ‘ஒக்கரினா ஆஃப் டைம்’. சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த 3டிஎஸ் கைக்கருவியில் ஆடினேன். சமீபத்தில் ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ முடித்தேன். எங்கேயும் சலிக்கவில்லை. ஆனால் முடித்தபிறகு யோசித்தால், நானே ஒட்டிச் செய்த வண்டிகளும் விமானங்களும்தான் நினைவில் இருக்கின்றன. ஒரு டன்ஜன்கூட, அதாவது அறை அறையாகப் புதிர் போடும் ஒரு கட்டடம்கூட, மனதில் நிற்கவில்லை. ஒக்கரினாவின் நீர்க்கோயிலையோ இன்றைக்கும் அறை அறையாகச் சொல்வேன்.

என் தம்பி ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’டில் தொடங்கியவன். ஒக்கரினாவை அவனிடம் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் வைத்துவிட்டான். “இந்தச் சுவரில் ஏன் ஏற முடியவில்லை? அந்தப் பக்கம் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?” என்று ஒரே புலம்பல். “உனக்கு அது சின்ன வயசு ஞாபகம், அவ்வளவுதான்” என்கிறான். செல்டாவின் தயாரிப்பாளரே அப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்று பேட்டியை வேறு எடுத்துக் காட்டுகிறான். என்னுடையது வெறும் ஏக்கம்தானா?

அன்புடன்,
எம்., கோவை

அன்புள்ள எம்.,

வெறும் ஏக்கம் இல்லை. உங்கள் தம்பி புலம்புவதில் நியாயம் இருக்கிறது, அதற்கு வருகிறேன். ஆனால் ‘சின்ன வயசு ஞாபகம்’ என்று சொல்லி இதை மூடிவிட முடியாது.

உங்கள் தம்பி காட்டிய பேட்டி 2023-இல் வந்தது என்று நினைக்கிறேன். கட்டுப்பாடு அதிகமுள்ள பழைய வடிவத்துக்கு ஏன் திரும்பிப்போக ஆசைப்படுகிறார்கள் என்று தயாரிப்பாளர் அவோனுமா எய்ஜி அதில் கேட்டிருந்தார். கையில் இல்லாததைத்தான் மனிதர்கள் விரும்புவார்கள், பழைய நினைவின் இழுப்பும் அதில் உண்டு என்ற பொருளில் பேசியிருந்தார். ஒக்கரினாவின் டன்ஜன்களை வடிவமைத்தவரே அவர்தான். அந்த மரியாதையோடுதான் சொல்கிறேன், இந்த விஷயத்தில் அவரோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. பழைய செல்டாவை விரும்புகிறவர்கள் கட்டுப்பாட்டை விரும்புவதாக அவர் எடுத்துக்கொள்கிறார். நாங்கள் கேட்பது வேறு.

முதலில் ஒன்று. பழையது என்றால் நேர்கோடு, புதியது என்றால் சுதந்திரம் என்ற கணக்கே சரியில்லை. 1986-இல் மியாமோட்டோ ஷிகெருவும் தெஸுகா தகாஷியும் உருவாக்கிய முதல் செல்டாவில் ஆட்டம் வெட்டவெளியில் தொடங்குகிறது. எதிரே ஒரு குகை, உள்ளே வாள் கொடுக்கும் கிழவர். அந்தக் குகைக்குள் நுழையாமல் வாள் இல்லாமலேயே நடையைக் கட்டலாம். 128 திரைகள் கொண்ட நிலத்தில் எந்தத் திசையில் போவது என்று யாரும் சொல்வதில்லை. இரண்டாம் டன்ஜனை முடித்துவிட்டு முதலாவதற்கு வரலாம். ஆனால் மூன்றாம் டன்ஜனில் ஒரு தெப்பம் கிடைக்கும், அது இல்லாமல் நான்காவதற்குப் போகவே முடியாது. திறந்த நிலமும் இந்த மாதிரி முடிச்சுகளும் பிறப்பிலிருந்தே சேர்ந்து இருந்தவை. 1991-இன் ‘எ லிங்க் டு தி பாஸ்ட்’ தொடங்கி முடிச்சுகள் கூடின, நிலம் சுருங்கியது. 2011-இன் ‘ஸ்கைவார்ட் ஸ்வார்ட்’ வருவதற்குள் முடிச்சுகள் மட்டும்தான் மிச்சம். அந்த ஆட்டத்தில் எனக்கும் மூச்சு முட்டியது. உங்கள் தம்பி அதை வைத்துப் புலம்பியிருந்தால் அப்படியே ஒப்புக்கொண்டிருப்பேன்.

சரி, நீர்க்கோயிலுக்கு வருவோம். நடுவில் ஒரு கோபுரம், சுற்றிலும் மூன்று தளங்களில் அறைகள். டிரைஃபோர்ஸ் சின்னம் பொறித்த மூன்று இடங்களில் நின்று ‘செல்டாவின் தாலாட்டு’ என்ற இசையை ஒக்கரினாக் குழலில் வாசித்தால் கட்டடம் முழுக்க நீர்மட்டம் மாறும். ஓரிடத்தில் வாசித்தால் அடித்தளம் வரை வற்றும், இன்னோரிடத்தில் நடுத்தளம் வரை வரும், மற்றதில் உச்சிவரை நிரம்பும். கோபுரத்துக்குள் நின்று நீரை நடுத்தளத்துக்கு ஏற்றும்போது தரையில் கிடந்த ஒரு பெரிய கட்டை மிதந்து மேலே போகும். அது கிடந்த இடத்தில் ஒரு குழி. இரும்புக் காலணியை மாட்டிக்கொண்டு அதற்குள் இறங்கினால்தான் அங்கிருக்கும் சாவி. 1998-இல் நிண்டெண்டோ 64-இல் ஆடியவர்களில் எத்தனையோ பேர் அந்தச் சாவியைத் தவறவிட்டுவிட்டுக் கோயில் முழுக்க அலைந்தார்கள். போதாததற்கு, காலணியை மாட்டவும் கழற்றவும் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்தி மெனுவுக்குள் போகவேண்டும். அவோனுமாவே பின்னால் அதற்காக வருத்தப்பட்டார். நீங்கள் ஆடிய 2011-இன் 3டிஎஸ் பதிப்பில் ஒரே தொடுகையில் காலணி மாறும், நீர்மட்டத்தை மாற்றும் இடங்களுக்கு வண்ணக் கோடுகள் வழி காட்டும்.

அந்தக் கோயில் ஏன் இன்னும் உங்கள் மனதில் அறை அறையாக நிற்கிறது? ஒரு இடத்தில் செய்தது எல்லா இடத்தையும் மாற்றியது. அதனால் ஏதாவது ஒரு அறையைப் புரிந்துகொள்ள முழுக் கட்டடத்தையும் தலைக்குள் வைத்திருக்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு கட்டடத்தை எழுப்ப, அதைச் செய்பவருக்கு உங்களைப் பற்றிச் சில விஷயங்கள் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். நாயகன் லிங்க் சிறுவனாக இருந்தபோதே தாலாட்டை நீங்கள் கற்றுவிட்டீர்கள். இரும்புக் காலணி பனிக்குகையில் கிடைத்துவிட்டது. நீர் மாறினால் வழி மாறும் என்பதை முந்தைய அறைகள் சொல்லிக்கொடுத்துவிட்டன. நீங்கள் வாசலில் வந்து நிற்கும்போது உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அவரால் அடுத்த படிக்குத் துணிந்து போக முடிந்தது. நாங்கள் தேடுவது இதைத்தான். ஏற முடியாத சுவர்மேல் யாருக்கும் ஆசை இல்லை.

‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ தெரிந்தே இதை விட்டுக்கொடுத்தது. 2017-இல் வந்த அந்த ஆட்டத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். இயக்குநர் ஃபுஜிபயாஷி ஹிதெமாரோவின் குழு முதலில் 1986-இன் ஆட்டம் போலவே தட்டையான ஒரு சோதனை வடிவத்தைச் செய்து பார்த்தது. மரத்தில் தீ பிடிக்குமா, காற்றில் பரவுமா, வெட்டிய மரம் ஆற்றில் மிதக்குமா என்பதையெல்லாம் அதில்தான் சரிபார்த்தார்கள். அதன் பலனை ஆட்டம் முழுக்கக் காணலாம். இடி மழையில் இரும்பு வாளோடு நின்றால் மின்னல் விழும், அந்த வாளைக் கழற்றி எதிரியின் காலடியில் போட்டால் மின்னல் அவன்மேல் விழும். புல்லைக் கொளுத்தினால் எழும் சூட்டில் பாராகிளைடரை விரித்து மேலே பறக்கலாம். ஒரு விதியை ஓரிடத்தில் கற்றால் உலகம் முழுக்க அது செல்லும். உங்கள் தம்பிக்கு ஒக்கரினாவின் சுவர் எரிச்சல் தந்ததில் ஆச்சரியமே இல்லை. எந்தச் சுவரிலும் ஏறலாம் என்று வாக்குக் கொடுத்த உலகத்திலிருந்து வந்தவர் அவர்.

ஆனால் ஷ்ரைன் எனப்படும் 120 சின்னப் புதிர்க்கோயில்களையும் எந்த வரிசையிலும் ஆடலாம் என்றால், ஒவ்வொரு ஷ்ரைனும் உங்களைப் புதிய ஆளாகவே நினைத்தாக வேண்டும். நூறாவது ஷ்ரைன் உங்கள் ஐந்தாவதாக இருக்கக்கூடும். ஆகவே தொடக்கத்தில் கொடுத்த அதே நான்கு சக்திகளை வைத்து ஒவ்வொன்றும் ஒரு சின்னப் புதிரைப் போடும், ஒரு உருண்டையைக் கொடுக்கும், வாசலைக் காட்டிவிடும். அங்கே கற்றதை அடுத்த ஷ்ரைன் எடுத்து வளர்க்க முடியாது. பல ஷ்ரைன்கள் தனித்தனியாக அருமையானவை. கூட்டிப் பார்த்தால் ஏறுமுகம் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆட்டத்தில் ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பேசும் இடங்களில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, தொடக்கத்தில் வரும் கிரேட் பீடபூமி. நாலு பக்கமும் செங்குத்துப் பாறை. பாராகிளைடர் கைக்கு வரும்வரை கீழே இறங்க வழியில்லை. பனிமலைக்குப் போகவேண்டுமானால் மிளகாய் போட்டுச் சமைத்துச் சாப்பிடலாம், கிழவரிடமிருந்து கதகதப்பான சட்டை வாங்கலாம், தீப்பந்தத்தோடு ஓடியே போய்விடலாம். இரண்டாவது, தென்கிழக்குக் கடலில் இருக்கும் ஈவன்டைட் தீவு. கால் வைத்ததுமே வாள், வில், உடை, உணவு எல்லாவற்றையும் பறித்துக்கொள்ளும். கையில் கிடைக்கும் குச்சியையும் கரையில் கிடக்கும் பழத்தையும் வைத்துக்கொண்டு மூன்று உருண்டைகளைப் பீடங்களில் கொண்டுபோய் வைக்கவேண்டும். அதில் ஒன்று தூங்கும் ஹினாக்ஸ் என்ற ஒற்றைக்கண் அரக்கனின் கழுத்தில் தொங்குகிறது. இந்த இரண்டு இடங்களில் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று செய்தவர்களுக்கு மறுபடியும் தெரியும். ஓபன் வேர்ல்டின் சிறந்த பகுதிகள் என்று எல்லோரும் கொண்டாடும் இவை இரண்டும் பழைய டன்ஜனின் முறையில் கட்டப்பட்டவை. அங்கே சுதந்திரம் குறைந்ததாக யாருமே குறைசொல்லவில்லை.

இனி ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’. அதன் கதையை அறிய விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். அதில் நெருப்புக் கோயில் என்று ஒன்று. சுரங்க வண்டிகள், தடங்கள், தடம் மாற்றும் விசைகள் என்று பழைய செல்டாவுக்கே உரிய ஒரு கட்டடம். அந்தத் தடங்களை யோசித்துப் போட்டவருடைய உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் சுவரில் ஏறலாம், ராக்கெட்டை ஒட்டலாம், பொருள்களை ஒட்டும் அல்ட்ராஹேண்ட் சக்தியால் ஒரு நீளப் பாலத்தைச் செய்து சாய்க்கலாம். பலர் தடங்களைத் தொடாமலே முடித்துவிட்டார்கள். அவர்கள் செய்தது தப்பே இல்லை, ஆட்டம் அனுமதித்ததைச் செய்தார்கள். ஆனால் நீங்கள் ஒரு டன்ஜனையும் நினைவில் வைத்திருக்காததற்கு இதுதான் காரணம். நமக்கு ஞாபகம் இருப்பது நாம் செய்த பாலம். கதையில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். நான்கு திசைக் கோயில்களின் முடிவிலும் ஒரு பழங்கால முனிவர் வந்து, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் அதே போரின் கதையைச் சொல்கிறார். நீங்கள் முதலில் எந்தக் கோயிலுக்கு வருவீர்கள் என்று தெரியாததால் நான்கு முறையும் சொல்லவேண்டிய கட்டாயம். பழைய நினைவுகளைக் காட்டும் டிராகனின் கண்ணீர்த் துளிகளை எல்லாம் பார்த்து, இளவரசி செல்டாவுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொண்டு வந்தாலும், லிங்க் யாரிடமும் வாய் திறப்பதில்லை. ஊரே அவளைத் தேடிக்கொண்டிருக்கும். அவ்வளவு பெரிய துயரத்தை மனதில் வைத்துக்கொண்டு போலி செல்டாவைத் துரத்த வேண்டியிருந்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. செல்டா வரிசையின் ஆகச் சிறந்த கதைகளில் ஒன்று, சொல்லும் ஒழுங்கு கலைந்ததால் பாழானது.

அதே ஆட்டத்தில் மின்னல் கோயிலை நினைத்துப் பாருங்கள். உள்ளே போகும் முதல் பாதி ஒரே வழி. அப்புறம்தான் கண்ணாடிகளை வைத்து ஒளியைத் திருப்பும் பகுதி திறக்கிறது. நான்கில் அதுவே சிறந்தது என்று அடித்துச் சொல்வேன்.

இரண்டையும் சேர்க்க முடியாதா என்றால், நிண்டெண்டோவே முயன்றிருக்கிறது. 2013-இன் ‘எ லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸ்’ ஆட்டத்தில் ராவியோ என்ற வியாபாரியிடம் வாடகைக்கு ஐட்டம் எடுத்துக்கொண்டு டன்ஜன்களைப் பெரும்பாலும் விரும்பிய வரிசையில் ஆடலாம். டன்ஜன்கள் நன்றாக இருந்தன, ஆனால் எல்லாம் ஒரே அளவு கடினம். 2024-இன் ‘எக்கோஸ் ஆஃப் விஸ்டம்’ இன்னும் கிட்டே வந்தது. அதில் செல்டாவே நாயகி, பார்த்த பொருளையெல்லாம் நகலெடுக்கிறாள். பழைய கட்டில்களை அடுக்கிப் படி கட்டியே பாதி நாட்டைக் கடந்துவிடலாம். ஆனால் டன்ஜனுக்குள் நுழைந்ததும் அறைகளும் பூட்டுகளும் பழைய கண்டிப்போடு நிற்கின்றன. அடுத்த பெரிய செல்டா இந்த வழியில் போகவேண்டும் என்பது என் ஆசை. நிலம் எப்படி வேண்டுமானாலும் திறந்து கிடக்கட்டும். கதவைத் திறந்து கீழே இறங்கியபிறகு மட்டும், நாம் யார் என்று தெரிந்த ஒருவர் கட்டிய வீடாக அது இருக்கவேண்டும். நான்கு டன்ஜன் போதும், ஒவ்வொன்றும் முந்தையதைத் தெரிந்துகொண்டதாக இருந்தால்.

உங்கள் தம்பிக்கு ஒக்கரினாவை இப்போது மறுபடி கொடுக்காதீர்கள். அதன் முதல் இரண்டு மணி நேரம் உண்மையிலேயே மெதுவானது. அவரிடம் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவி இருக்குமே, ‘லிங்க்ஸ் அவேக்கனிங்’ ஆட்டத்தின் 2019 பதிப்பை வாங்கிக் கொடுங்கள். 1993-இல் கேம் பாய்க்கு வந்தது, சின்னத் தீவு, வளவளப்பு இல்லை. ஏழாவது டன்ஜனான கழுகுக் கோபுரம் வரை ஆடச் சொல்லுங்கள். அங்கே ஒரு கனத்த இரும்புக் குண்டைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போகவேண்டும். குண்டை எங்கே வீசுவது, எந்தப் பள்ளத்தைத் தாண்டி முன்னால் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று மண்டை காயும். நான்கு தூண்களையும் அதனால் உடைத்துவிட்டால் மேல்தளம் அப்படியே கீழ்த்தளத்தின்மேல் இறங்கி உட்காரும், பாஸ் இருக்கும் வழி திறக்கும். அதை முடித்தபிறகு தம்பி என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அப்போதும் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆவல்.

அன்புடன்.