தத்னாய் ஆலயத்தின் எதிரியா?

கேள்வி: ஞாயிறு பள்ளியில் வேதாகமத்தின் எஸ்றா புத்தகம் நடத்துகிறேன். தேர்வு வழிகாட்டியில் எருசலேம் ஆலயத்தின் எதிரிகள் வரிசையில் ரெகூம், சிம்சாயி ஆகியோருடன் தத்னாயையும் சேர்த்திருக்கிறார்கள். இது சரியா? அவர் பெயருள்ள அசல் களிமண் பலகை தம்மிடம் இருப்பதாக ஒருவர் சொல்கிறார். வகுப்புக்கு வாங்கலாமா?

பதில்: தத்னாயை அந்த வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் பாரசீகப் பேரரசில் யூப்ரத்து நதிக்கு மேற்கிலிருந்த மாகாணத்தின் ஆளுநர். பாபிலோனில் கலகங்கள் அடங்கி அதிக நாளாகாத கி.மு. 520 வாக்கில், எருசலேமில் பெருங்கற்களை அடுக்கி, சுவர்களில் மரம் பாய்ச்சி ஒரு கட்டடம் எழும்பினால், யாருடைய உத்தரவு என்று கேட்டுப் பொறுப்பாளர்களின் பெயர்களை எழுதிக்கொள்வது ஆளுநரின் கடமை. அவர் கேட்டாரே தவிர வேலையை நிறுத்தவில்லை. முந்தைய பாரசீக மன்னர் கோரேசின் ஆணை உண்டென்று யூத மூப்பர்கள் சொன்னதை அப்படியே அப்போதைய மன்னர் தரியுவுக்கு எழுதி, ஆவணங்களைத் தேடிப் பார்க்கக் கேட்டுக்கொண்டார். மேதிய நாட்டு நகரமான அக்மேதாவில் அந்த ஆணையின் சுருள் அகப்பட்டது. செலவை அந்த மாகாண வரியிலிருந்தே கொடுக்கும்படி பதில் வந்தது. அவரும் அப்படியே செய்தார்.

ஒரு வசனம் மட்டும் உங்களைக் குழப்பக்கூடும். ஆறாம் அதிகாரம் ஆறாம் வசனத்தில் தத்னாயை விலகியிருக்கும்படி தரியு கட்டளையிடுவதால், அவர் ஏதோ தவறு செய்து கண்டிக்கப்பட்டார் என்று பலர் எண்ணுகிறார்கள். அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசித்தால், வேலையில் தலையிட வேண்டாம் என்ற நிர்வாக உத்தரவே அது என்பதும், பதினோராம் வசனத்தின் தண்டனை எச்சரிக்கை கட்டளையை மாற்றும் எவருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது என்பதும் விளங்கும். ரெகூமும் சிம்சாயியும் எழுதிய மனுவோ வேறொரு மன்னரான அர்தசஷ்டாவின் காலத்தது. நகர மதிலைத் தடுக்கக் கேட்டது. அதிகாரத்தைத் திறந்தே பாராமல் பழைய வழிகாட்டியிலிருந்து புதிய வழிகாட்டிக்கு நகலெடுப்பவர்களுக்கும், அதையே விடைக்குறிப்பாக வைத்துச் சரியாக எழுதிய பிள்ளையின் மதிப்பெண்ணை வெட்டுபவர்களுக்கும் இதை எத்தனை முறைதான் சொல்வது?

பலகை விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். கி.மு. 502ஆம் ஆண்டைச் சேர்ந்த பாபிலோனியக் கடன் பத்திரம் ஒன்றில், நதிக்கு அப்புறத்து ஆளுநர் தத்தன்னுவின் பணியாளர் ஒருவர் சாட்சியாக வருகிறார். அந்த ஆளுநர் தத்னாய்தான் என்பதே அறிஞர்களின் பொதுவான கருத்து. ஆலயத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. அது பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே தரகர் காட்டுவது அந்த அசலாக இருக்க வழியில்லை. வேறு பழம்பலகை என்று அவர் பேச்சை மாற்றினால், அது எந்த நாட்டிலிருந்து எந்த அனுமதியுடன் வந்தது என்ற ஆவணத்தைக் கேளுங்கள். மாதிரி என்றால் மாதிரி என்றே ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டுக்கும் மழுப்பினால் முன்பணம் கட்டாதீர்கள்.