கோச்சி காட்டித் தீத்தும் சோறு

அன்புள்ள அக்கா,

என் மகனுக்கு 2 வயதும் 2 மாதமும். ஒரு வயது வரைக்கும் எதைக் கொடுத்தாலும் வடிவாகச் சாப்பிட்டவன், இப்போது சோற்றைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொள்கிறான். சொதி படாத வெறும் இடியப்பம், பிஸ்கட், பால்மா, இவ்வளவுதான். பால் மட்டும் ஒரு நாளைக்கு ஐந்து போத்தல். நான் வேலைக்குப் போனபிறகு மாமிதான் பார்க்கிறார். கோப்பையைத் தூக்கிக்கொண்டு கடற்கரையோர மரைன் டிரைவுக்குப் போய்க் கோச்சி (ரயில்) காட்டித் தீத்துகிறார், மழையென்றால் போனில் கார்ட்டூன். ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் போகிறது. நிறை 11.5 கிலோ. "பிள்ளை தேஞ்சு போறான், நீ ஒண்டும் பாக்கிறேல்லை" என்று மாமி சொல்லும்போது எனக்கு அழுகை வருகிறது. பசி வர ஏதாவது சிரப் வாங்கிக் கொடுக்கலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா

அன்புள்ள தங்கச்சிக்கு,

சிரப் வேண்டாம். டாக்டர் பார்த்து எழுதித் தராமல் பார்மசியில் கேட்டு வாங்கவே வேண்டாம். உங்கள் பிள்ளைக்குப் பசி இருக்கிறது, அந்தப் பசியைப் பால் சாப்பிட்டுவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். ஐந்து போத்தல், ஒவ்வொன்றும் 200 மில்லி என்றாலே ஒரு லீட்டர். அதில் மட்டும் 600 கலோரிக்கு மேல் இருக்கும். இந்த வயதுப் பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் தேவை ஏறக்குறைய 1000 கலோரிதான், அதற்கு மேல் பிஸ்கட் வேறு. பிறகு மத்தியானம் சோற்றைக் காட்டினால் வாயை மூடாமல் என்ன செய்வான்? இன்னொரு விஷயம், பாலில் இரும்புச்சத்து இல்லையென்றே சொல்லலாம். பாலிலேயே வளரும் பிள்ளைகள் கொழுகொழுவென்று இருந்தும் இரத்தம் குறைந்து வெளிறிப்போவது இதனால்தான். ஒரு நாளைக்கு 500 மில்லி போதும். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், முதலில் இரவுப் போத்தலையும் சாப்பாட்டுக்குக் கிட்டிய போத்தலையும் எடுங்கள், மிச்சத்தைக் கப்பில் கொடுங்கள். சூப்பிப் போத்தலை விட்டாலே பால் தானாகக் குறையும். பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் அதையும் விடுங்கள், தேயிலை இருக்கிற கொஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பில் சேர விடாது.

ஒரு வயது வரைக்கும் நன்றாகச் சாப்பிட்டவன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலும் ஒரு காரணம் இருக்கிறது. முதல் வருடத்தில் பிள்ளை ஆறு கிலோ அளவில் நிறை கூடும், இரண்டாவது வருடத்தில் இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையத்தான் செய்யும். புதுச் சாப்பாட்டைக் கண்டு பயப்படுவதும் இந்த வயதில்தான் தொடங்கும். நேற்றுவரை தின்ற கரட்டை இன்றைக்கு ஏதோ பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி உங்கள் மகன் வயது ஆண்பிள்ளைக்கு நடுக்கோடு 12.5 கிலோ, 10 கிலோவுக்குக் கீழே போனால்தான் நிறை குறைவு. 11.5 தேய்ந்த பிள்ளை இல்லை. ஒரு நாள் நிறையை வைத்து அழாமல், கிளினிக் புத்தகத்தில் அவனுடைய கோடு ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள்.

சரி, இனிக் கோச்சிக்கு வருவோம். மாமியைக் குறை சொல்லவில்லை, வெள்ளவத்தையில் பாதிப் பிள்ளைகள் அந்தத் தண்டவாளத்தைப் பார்த்துத்தான் வளர்ந்தவர்கள். ஆனால் பிள்ளையின் கண் கோச்சியில் இருக்கும்போது வாய்க்குள் போனது என்ன, வயிறு நிறைந்ததா என்று அவனுக்கே தெரியாது. போனும் அப்படித்தான். கோச்சி பார்க்கக் கட்டாயம் போகட்டும், கோப்பை இல்லாமல். சாப்பாடு வீட்டில், கதிரையில், நீங்களோ மாமியோ பக்கத்தில் இருந்து அதையே சாப்பிட்டுக்கொண்டு. என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு என்பது உங்கள் முடிவு. எவ்வளவு என்பது அவன் முடிவு. இதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை, நாங்கள் அவனுடைய முடிவையும் சேர்த்து எடுக்கப் பார்க்கிறோம். இருபது நிமிடம், அரை மணித்தியாலம், அதோடு கோப்பையை எடுத்துவிடுங்கள். திட்டும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். அடுத்த சாப்பாடு இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து, இடையில் தண்ணீர் மட்டும். முதல் சில நாள் கத்துவான், அந்த நேரம் பிஸ்கட் டின்னைத் திறந்தால் எல்லாம் போச்சு. மேல்மாடி அன்ரி இரக்கப்பட்டு நீட்டும் சொக்லேட்டையும் கவனியுங்கள்.

கோப்பையில் மலைபோலக் குவிக்காதீர்கள். இரண்டு மேசைக்கரண்டி சோறு, கொஞ்சம் பருப்பு போதும், கேட்டால் இன்னும் போடலாம். அவனுக்குப் பிடித்த வெறும் இடியப்பத்தை வையுங்கள், பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் சொதி, அவித்த முட்டையில் ஒரு துண்டு. "தொட்டுப் பார்" என்றுகூடச் சொல்ல வேண்டாம். ஒரு நாள் விரலைச் சொதிக்குள் விடுவான், இன்னொரு நாள் முட்டையை மணந்து பார்த்துவிட்டுக் கதிரைக்குக் கீழே போடுவான், ஒரு நாள் நக்கிவிட்டுத் துப்புவான். இவையெல்லாம் பழகுவதுதான். ஒரு சாப்பாட்டை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து தடவைகூடப் பிடிக்கும், நாங்களோ மூன்றாம் தரமே "இவனுக்கு முட்டை பிடிக்காது" என்று ஊருக்கே சொல்லிவிடுகிறோம், அதுவும் அவன் கேட்கத்தக்கதாக! இரும்புச்சத்துக்கு மீன், முட்டை, ஈரல், பருப்பு, கீரை எல்லாவற்றையும் மாற்றி மாற்றி வையுங்கள். பருப்பில் நாலு துளி தேசிக்காய் விட்டால் இரும்பு நன்றாகச் சேரும், நெத்தலிக் கருவாடு என்றால் ஊறவைத்து உப்பை எடுத்துவிடுங்கள். கச்சானை முழுதாகக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

சில பிள்ளைகளுக்கு இது அடம் இல்லை, வருத்தம். நிறைக்கோடு கீழே சரிந்தால், விழுங்கும்போது அடிக்கடி புரைக்கேறினால், கட்டியாக எதையும் மெல்லவே முடியாவிட்டால், வெளிறிச் சோர்ந்திருந்தால், மண், சுவர்ச் சுண்ணாம்பு என்று தின்றால், காத்திருக்காமல் பிள்ளை டாக்டரிடம் காட்டுங்கள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து அடுத்து எப்போது கொடுக்க வேண்டும் என்றும் அவரிடம் கேளுங்கள்.

அப்புறம், அடுத்த கிளினிக் நாளில் அரை நாள் லீவு போட்டு மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாலைக் குறை என்று நீங்கள் சொன்னால் அது மருமகள் கதை, மிட்வைஃப் அந்த நிறைக்கோட்டைக் காட்டிச் சொன்னால் கேட்பார்.