டிவியில் பெரிய லீக் எல்லாம் ஓடும்போது, உள்ளூர் லீக் கால்பந்து பார்க்க ஒரு நாளை ஒதுக்கிப் போவது வீண் வேலையா?

தரமான ஆட்டத்தை எதிர்பார்த்துப் போனால் வீண்தான். பாஸ் தப்பும், பந்து பாதி நேரம் வானத்தில் இருக்கும், நல்ல வாய்ப்பை கோல் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டுத் தலையில் கை வைப்பார்கள். ஆனால் ஆட்டத்தைக் காதால் கேட்கலாம், அதற்காகவே போகலாம்.

நான் கடலூர், மஞ்சக்குப்பம். புதுச்சேரி உப்பளம் இந்திரா காந்தி மைதானத்தில் ஆட்டம் என்று தகவல் வந்தால் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவேன். இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், தென்பெண்ணைப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி எல்லை வந்துவிடும். (பாண்டிக்குப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். கால்பந்து பார்க்கத்தான் என்று சொன்னால் சந்தேகம் இன்னும் கூடும்.)

டிவி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். மைதானத்தில் நீங்கள் விரும்பிய ஆளைப் பார்க்கலாம். போனமுறை நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு ஸ்டாப்பரை, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கும் டிஃபெண்டரை. நாற்பதை நெருங்கிய மனுஷன், லேசான தொப்பை, முழங்காலில் பட்டை, ஓட்டம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் வாய் ஓயவில்லை. "ஏறு ஏறு", "ஆள் வருது", "டைம் இருக்கு, திரும்பு", "அவனை உள்ளே விடாதே, வெளியே தள்ளு" என்று முழு டிஃபென்ஸையும் குரலாலேயே நகர்த்திக்கொண்டிருந்தார். எதிரணி ஃபார்வர்டு பையன் இவரைவிட இரண்டு மடங்கு வேகம், ஆனாலும் அவர் "ஏறு" என்றதும் நாலு பேரும் ஒரே நேரத்தில் முன்னால் வர, அந்தப் பையன் திரும்பத் திரும்ப ஆஃப்சைடில் (பாஸ் அடிக்கும் நொடியில் டிஃபென்ஸைத் தாண்டி கோல் பக்கம் நிற்பது) மாட்டினான், லைன்ஸ்மேன் கொடி இறங்குவதற்குள் அடுத்தது. இரண்டாவது பாதியில் ஒரு தடவை லெஃப்ட் பேக் மட்டும் ஒரு எட்டு தாமதமாக ஏறினான், அவ்வளவுதான், கொடி எழவில்லை, கோல். ஸ்டாப்பர் திட்டவில்லை. வலைக்குள் இருந்த பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி நடந்தவர், வழியில் அவன் தோளைத் தட்டி "என் குரலைக் கேளு, பந்தைப் பார்க்காதே" என்றார். ஆஃப்சைடு பொறி என்று எத்தனையோ விளக்க வீடியோ பார்த்திருக்கிறேன், அது ஒருவருடைய வாயை நம்பி ஓடுகிற வேலை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் பக்கத்தில் உட்காருகிறவர்கள். பாண்டியில் இது தனி ரகம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா தாத்தா என் பக்கத்தில் இருந்தார், 2018 உலகக் கோப்பை ஃபைனலில் பிரான்ஸ் குரோஷியாவை 4-2 என்று அடித்ததைப் பற்றி ஆரம்பித்தவர், கீழே ஆடுகிற பையன்களை அந்த டீமோடு ஒப்பிட்டே ஒவ்வொரு த்ரோவுக்கும் தீர்ப்பு சொன்னார். ரெஃப்ரிக்கும் அது கேட்டிருக்கும், அவ்வளவு பக்கம். கடல் கிட்டத்தில் இருப்பதால் சாயங்காலம் காற்று ஏறியதும் கீப்பர் உதைக்கும் பந்து எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது, அதிலும் அவருக்கு ஒரு கருத்து இருந்தது.

கீழ் அடுக்கு என்று இளக்காரமாகவும் நினைக்க வேண்டாம். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்), அதற்குக் கீழே இன்னும் சில தேசிய அடுக்குகள், இதற்கெல்லாம் கீழேதான் மாநில லீக்குகள் வருகின்றன, ஆனால் பெரிய ஆட்டக்காரர்கள் சின்ன ஊர்களில் இருந்தும் வருகிறார்கள். எங்கள் கடலூரையே எடுத்துக்கொள்ளுங்கள், இந்தியப் பெண்கள் அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் இந்த ஊர்தான், தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசிய சாம்பியன்ஷிப் ஃபைனலில் மணிப்பூரை 2-1 என்று வென்றபோது ஊரில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். அதனால் பெண்கள் ஆட்டம் இருந்தால் அதற்கும் போங்கள், கூட்டம் இன்னும் குறைவு, பேச்சு இன்னும் தெளிவாகக் கேட்கும்.

போகிறதென்றால் ஒன்று மட்டும்: ஆடுகிற யாரையாவது தெரிந்துவைத்துக்கொண்டு, காலையில் போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மழை, வேறு நிகழ்ச்சி, ரெஃப்ரி வரவில்லை என்று நேரம் மாறிக்கொண்டே இருக்கும். உட்காருவது கோச் நிற்கும் பக்கம். தண்ணீர் கையோடு. திரும்பும்போது வழியில் நின்று கைகாட்டாமல் பஸ் ஸ்டாண்டுக்கே போய் ஏறுங்கள், ஞாயிறு ராத்திரி கடலூர் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது.