நேபாளத்துக்கு ஏழு நாள், 30,000 ரூபாய்: போதுமா?

கேள்வி இதுதானே: சென்னையிலிருந்து இரண்டு நண்பர்கள், ஆளுக்கு 30,000 ரூபாய், ஏழு நாள் லீவு. காத்மாண்டு, பொக்காரா, சித்வன், லும்பினி, முடிந்தால் முக்திநாத், அப்புறம் கொஞ்சம் மலையும் ஏற வேண்டும். நடக்குமா?

பணம் போதும். நாள்தான் போதாது. நானும் முதல் தடவை இதே பட்டியலோடுதான் போனேன், ஆறு நாளில் மூன்று நாள் பேருந்து ஜன்னலில்தான் நேபாளத்தைப் பார்த்தேன். காத்மாண்டுவிலிருந்து பொக்காரா 200 கிலோமீட்டர், நம்மூர் கணக்கில் நாலு மணி நேரம் என்று நினைத்துக்கொண்டு ஏறினால் இறங்கும்போது எட்டு மணி நேரம் ஆகியிருக்கும். மலைச்சாலை, அதிலும் பாதி இடத்தில் அகலப்படுத்தும் வேலை. ஆகவே ஓர் இடத்தை எடுங்கள், மற்றதை இரக்கமில்லாமல் வெட்டுங்கள். நான் பொக்காராவைத்தான் சொல்வேன், ஏனென்றால் விடுதி மாடியில் நின்றே பனிமலை தெரிகிற ஊர் அது. காத்மாண்டு பக்கம் கோயில்களும் பழைய அரண்மனைச் சதுக்கங்களும் அருமைதான், ஆனால் நீங்கள் கேட்டது மலை.

முக்திநாத்தையும் இந்தத் தடவை விட்டுவிடுங்கள். 108 திவ்யதேசங்களில் ஒன்று, நம் ஆழ்வார் பாசுரங்களில் வரும் சாளக்கிராமம் அதுதான், வீட்டில் பெரியவர்கள் ஆசைப்படுவார்கள், எல்லாம் சரி. ஆனால் 3,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அதற்குப் பக்கத்து ஊரான ஜோம்சோமுக்குப் பொக்காராவிலிருந்து விமானம் இருபது நிமிடம்தான், ஆனால் பகல் ஏற ஏற காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும், அதனால் காலையில் மட்டும்தான் பறக்கும், வானிலை சரியில்லை என்றால் அதுவும் ரத்து. ஏழு நாள் பயணத்தில் அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

போகிற வழி: காத்மாண்டுவுக்கு நேராகப் பறப்பதைவிட, உள்நாட்டு விமானத்தில் உத்தரப்பிரதேசத்துக் கோரக்பூர் போய் அங்கிருந்து சுனௌலி எல்லைக்குப் பேருந்து பிடிப்பது எனக்கும் என் நண்பனுக்கும் மலிவாக வந்தது. ரப்திசாகர் ரயிலும் இருக்கிறது, ஆனால் போக மட்டுமே இரண்டு நாள் தின்றுவிடும். கோரக்பூரிலிருந்து எல்லை மூன்று மணி நேரம். எல்லையில் நிற்கும் வளைவுக்கு அடியில் நடந்தே தாண்டலாம், நமக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, இரண்டில் ஒன்று அசலாகக் கையில் இருக்கட்டும். ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள், நம் வயது ஆட்களுக்கு அது பயண ஆவணமாகச் செல்லாது.

பணக் கணக்கு சுலபம்: நம் 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், இது பல வருடமாக மாறாத விகிதம். 500 ரூபாய் நோட்டைப் பற்றிய விதி மாறிக்கொண்டே இருக்கும், அதனால் 100 ரூபாய் நோட்டுக் கட்டாகவே எடுத்துப் போங்கள். 2024-இலிருந்து பல கடைகளில் நம் யுபிஐயும் வேலை செய்கிறது, ஆனால் மலைக்கிராமத்தில் சிக்னலை நம்பி டீ குடிக்க வேண்டாம்.

நாங்கள் போனது 2024 நவம்பர் மூன்றாம் வாரம், அதாவது தீபாவளியும், பீகார், உ.பி. பக்கத்துப் பெரிய பண்டிகையான சட் பூஜையும் முடிந்த பிறகு. சட் பூஜைக்கு ஊர் திரும்பும் கூட்டத்தில் கோரக்பூர் பக்கம் மாட்டினால் அவ்வளவுதான். அக்டோபர், நவம்பர் இல்லையென்றால் மார்ச், ஏப்ரல். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜூலையில் போகாதீர்கள், மேகத்தைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள், நிலச்சரிவு வேறு. எல்லையிலிருந்து பொக்காரா போகும் வழியில் புட்வல் ஊரைத் தாண்டியதும் சித்தபாபா என்று ஓரிடம், மழைக்காலத்தில் கல் உருளுவதற்குப் பேர்போனது.

முதல் இரவு எல்லையை ஒட்டிய பைரஹவாவில். மறுநாள் முழுக்க தான்சேன் வழியாகப் பொக்காராவுக்குப் பேருந்து, 180 கிலோமீட்டருக்கு எங்களுக்கு ஒன்பது மணி நேரம். வயிற்றைப் புரட்டும் ஆள் என்றால் முன் இருக்கை கேளுங்கள். மூன்றாம் நாள் பேவா ஏரிக்கரையில் சும்மா இருந்தோம், நடுவில் மலைநடை அனுமதிச் சீட்டு வாங்கினோம். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கு நமக்கு 1,000 நேபாள ரூபாய், சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பில் இல்லாத வெளிநாட்டவருக்கு 3,000. நீண்ட பாதைகளுக்கு 2023 ஏப்ரலிலிருந்து வழிகாட்டி கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது, உங்கள் பாதைக்கு வேண்டுமா என்று சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

நான்காம் நாள்தான் பயணமே. பொக்காராவிலிருந்து காண்டே என்ற ஊர் வரை வண்டி, அங்கிருந்து கல்படியில் இரண்டு மணி நேரம் ஏறினால் ஆஸ்திரேலியன் கேம்ப் என்ற மலைமேல் தங்குமிடம். உயரம் ஏறக்குறைய 2,000 மீட்டர், கொடைக்கானலைவிடத் தாழ்வு, அதனால் மூச்சுத்திணறல் பயம் இல்லை. முழங்கால் வலிக்கும், அது வேறு கதை. அன்று சாயங்காலம் வரை எதிரே வெறும் வெள்ளைத் திரை. நண்பன் என்னைத் திட்டிக்கொண்டே படுத்தான். காலை ஐந்தரைக்கு அவனே எழுப்பினான். மச்சபுச்சரே, 6,993 மீட்டர், மீன் வால் மாதிரி பிளந்த உச்சி, கைநீட்டினால் தொடலாம் போல நின்றது. அதில் ஏற அனுமதி இல்லை, 1957-இல் போன பிரிட்டிஷ் குழுவும் உச்சிக்குக் கொஞ்சம் கீழேயே நின்று திரும்பிவிட்டது. எட்டரை மணிக்கெல்லாம் மறுபடி மேகம். இதற்காகத்தான் சொல்கிறேன், மலைமேல் ஒரு இரவு தங்குங்கள், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் திட்டம் போட்டால் இந்த மூன்று மணி நேரம் கிடைக்காது. இறங்கும்போது தம்பூஸ் கிராமம் வழியாக வாருங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். தால் பாத் கேட்டால் சோறு, பருப்பு, கீரை, ஊறுகாய், போதும் போதும் என்னும்வரை போடுவார்கள். ஒரு வேளை 400 நேபாள ரூபாய், மலைமேல் இன்னும் கொஞ்சம் கூட. பரிமாறுபவரை "தாய்" என்று கூப்பிட வேண்டும், அவர்கள் மொழியில் அண்ணன் என்று அர்த்தம். மீசை வைத்த ஆளைத் தாய் என்று கூப்பிட எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

ஆளுக்கு ஆன செலவு: விமானம் போக வர 14,200, அறையில் என் பங்கு ஆறு இரவுக்கு 3,000, சாப்பாடு 4,200, பேருந்து, ஜீப் எல்லாம் 2,500, அனுமதிச் சீட்டு 625, படகு, கம்பளித் தொப்பி, இதர 1,800. மொத்தம் 26,325. விமானச் சீட்டை இரண்டு மாதம் முன்னால் எடுத்ததால் வந்த கணக்கு இது, கடைசி வாரத்தில் எடுத்தால் 30,000-ஐ மறந்துவிடுங்கள். எட்டாவது நாள் கிடைத்தால் லும்பினியைச் சேருங்கள், பைரஹவாவிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது, அசோகர் தூணைப் பார்த்துவிட்டு வரலாம்.

ஒன்று விட்டுப்போனது. அங்கே கடிகாரம் நம்மைவிட 15 நிமிடம் முந்தி. திரும்பி வரும்போது கைக்கடிகாரத்தை மாற்ற மறந்து, ஏழு மணி கோரக்பூர் பேருந்து போயே போய்விட்டது என்று சுனௌலியில் மூட்டையோடு ஓடினேன். பேருந்து நின்றுகொண்டிருந்தது, ஓட்டுநர் எதிர்க்கடையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.