அப்பா விட்டுச் சென்ற தூசி: கவிதையில் உத்தியை எப்படி எழுதுவது?

கேள்வி: பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘காதலும் குடும்பமும்: இக்காலக் கவிதைகளின் உத்திகள்’ என்று இரண்டு பக்கத்தில் கட்டுரை கேட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதிய இந்தியக் கவிஞர் ஏ.கே. ராமானுஜனின் ‘ஒபிச்சுவரி’ (மரண அறிவிப்பு), ‘லவ் போயம் ஃபார் எ ஒய்ஃப் 1’ (மனைவிக்கு ஒரு காதல் கவிதை) இரண்டையும் எடுத்துக்கொண்டேன். உவமை, உருவகம், முரண், படிமம் என்று எட்டு உத்திகளைக் கண்டுபிடித்து எழுதினேன். மிஸ் ஓரத்தில் ‘சரி, அதனால் என்ன?’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னும் என்ன எழுத வேண்டும்? (வாசகி, தென்காசி)

பதில்: உங்கள் மிஸ் கேட்டது சரியான கேள்வி. கொஞ்சம் விளக்கிக் கேட்டிருக்கலாம், அவ்வளவுதான். நானும் தாள் திருத்தியவன். ‘இங்கே உருவகம் வந்துள்ளது, இது கவிதைக்கு அழகு சேர்க்கிறது’ என்ற வாக்கியத்தை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. கவிதையைப் படிக்காமலேயே எழுதிவிடக்கூடிய வாக்கியம் அது. எந்தக் கவிதைக்கும் பொருந்தும். அதனாலேயே எதற்கும் பயன்படாது.

ஒரு வழி சொல்கிறேன். கவிஞர் போட்ட சொல்லை எடுத்துவிட்டு, நாமாக இருந்தால் போட்டிருக்கும் சாதாரணச் சொல்லைப் போட்டுப் படியுங்கள். வரியை அவர் உடைத்த இடத்தில் உடைக்காமல் சேர்த்துப் படியுங்கள். அப்போது எது காணாமல் போகிறதோ, நீங்கள் எழுத வேண்டியது அதைப் பற்றித்தான். உத்தியின் பெயர் அதற்கு ஒட்டுகிற லேபிள் மட்டும்.

‘ஒபிச்சுவரி’யில் செய்து பார்ப்போம். 1971-இல் வந்த ‘ரிலேஷன்ஸ்’ தொகுப்பில் உள்ள கவிதை. அப்பா இறந்துபோனபோது என்னென்ன விட்டுச் சென்றார் என்று மகன் சொல்கிறான். ‘விட்டுச் சென்றார்’ என்றாலே நம் மனம் சொத்துக்குப் போய்விடும். நிலமா, நகையா, பாங்கில் ஏதாவதா? ராமானுஜன் அந்த எதிர்பார்ப்பைக் கிளப்பிவிட்டு, ‘விட்டுச் சென்றார் தூசி’ என்று வரியை அங்கேயே உடைக்கிறார். காகிதம் குவிந்த மேஜைமேல் படிந்த தூசி என்பது அடுத்த வரியில்தான் தெரியும். இப்போது சேர்த்துப் படியுங்கள்: ‘காகிதங்கள் நிறைந்த மேஜையில் தூசியை விட்டுச் சென்றார்.’ வெறும் தகவலாகிவிட்டது. உடைத்த வரியில் ஒரு கணம் தூசி மட்டும்தான் மொத்தச் சொத்தாக நிற்கிறது.

அடுத்து வருவது ‘டெட்ஸ் அண்ட் டாட்டர்ஸ்’, கடன்களும் மகள்களும். ‘ட’ ஒலி இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டுகிறது (முன்னால் வந்த ‘டஸ்ட்’டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்). ‘மோனை வந்துள்ளது’ என்று எழுதியிருப்பீர்கள். அது பாதி வேலை. இரண்டுக்கும் நடுவே ‘ஐந்து’ என்றோ ‘அன்பான’ என்றோ ஒரு சொல்லைச் செருகிப் பாருங்கள், முடிச்சு அவிழ்ந்துவிடும். கடனும் மகளும் ஒரே மூச்சில், ஒரே ஒலியில் வரும்போதுதான் ‘பெண்ணைக் கரையேற்ற வேண்டும்’ என்று பேசுகிற ஊரின் குரல் கேட்கிறது. கவிஞர் பெண்களை இழிவுபடுத்துகிறார் என்று எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். மகன் அந்தக் குரலைப் போலியாகப் பேசிக் காட்டுகிறான். அவன் எரிச்சலில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

அப்பா ‘பர்னிங் டைப்’ என்கிறான் மகன். தமிழ் வாசகருக்கு இது ஆங்கில வாசகரைவிடச் சீக்கிரம் பிடிபடும். எரிந்து எரிந்து விழுகிற மனுஷர். புதைக்காமல் எரிக்கிற சாதியும்கூட. அதனால் மயானத்தில் எந்தச் சிரமமும் கொடுக்காமல், முன்பு போலவே சுலபமாக, இரண்டு முனையிலும் எரிந்தாராம். இரண்டு முனையிலும் எரியும் மெழுகுவத்தி என்பது ஓய்வில்லாமல் தன்னைத் தேய்த்துக்கொள்பவரைக் குறிக்கும் ஆங்கில வழக்கு. ஒரே சொல்லில் கோபம், சடங்கு, உழைப்பு மூன்றும் இருக்கின்றன. சிலேடை என்றால் நமக்குக் காளமேகப் புலவரும் சிரிப்பும்தான் நினைவுக்கு வரும். இங்கே அதே சிலேடை, அழ முடியாத ஒருவனுக்குப் பேச ஒரு வழி கொடுக்கிறது. ‘கோபக்கார அப்பா இறந்தார், தகனம் செய்தோம்’ என்று மாற்றிப் பாருங்கள். வாயடைத்துப்போன மகன் காணாமல் போய்விடுவான்.

பேப்பர் பொட்டலம் வரும் பகுதியை விட்டுவிடாதீர்கள். சென்னைப் பத்திரிகை ஒன்றின் உள்பக்கத்தில் அப்பாவுக்கு இரண்டு வரி ‘காலமானார்’ வந்ததாம். நாலு வாரத்தில் பழைய பேப்பர் எடைக்குப் போய் மளிகைக் கடைக்கு வந்துவிடும். உப்பு, கொத்தமல்லி, வெல்லம் மடித்து வரும் பொட்டலங்களை மகன் பிரித்துப் படிக்கிறான், அந்த இரண்டு வரி கிடைக்காதா என்று. அப்பாமேல் அவனுக்கு ஏக்கம் இருக்கிறது என்று கவிதையில் எங்கும் சொல்லவில்லை. பொட்டலம் பிரிக்கிற கைதான் அதைச் சொல்கிறது. படிமம் என்று நீங்கள் பெயர் வைத்தது இதைத்தான்.

எதுகை இல்லை, யாப்பு இல்லை என்பதையெல்லாம் ஒரு வரியில் முடித்துவிடுங்கள். இக்காலக் கவிதையில் அது செய்தி இல்லை.

இனி காதல் கவிதை. கணவன் மனைவியிடம் பேசுகிறான்: இத்தனை வருடங்களுக்குப் பிறகும் நம்மைப் பிரித்து வைத்திருப்பது, பகிர்ந்துகொள்ளாத குழந்தைப் பருவம். உதாரணமாக, என் அப்பாவை உன்னால் சந்திக்க முடியாது, அவர் இறந்து சில வருடமாகிறது. உன் அப்பாவை என்னாலும் சந்திக்க முடியாது, அவர் இப்போது கோபத்தைத் தொலைத்துச் சாந்தமாகிவிட்டார். இந்த இரண்டாவது ‘முடியாது’தான் உத்தி. மாமனார் உயிரோடுதான் இருக்கிறார். ஆனால் மனைவியை வளர்த்த அந்தக் கோபக்கார மனிதர் இனி இல்லை. ஆங்கிலத்தில் ‘லாஸ்ட் ஹிஸ் டெம்பர்’ என்றால் கோபப்பட்டார் என்று பொருள். கவிஞர் அதை நேர்ப்பொருளில், கோபத்தையே தொலைத்தார் என்று திருப்பிவிடுகிறார்.

தமிழ் வாசகரிடம் மட்டும் ஒரு சாவி இருக்கிறது. குறுந்தொகை 40-ஆம் பாடல் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள்:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்

உன் தாயும் என் தாயும் யாரோ, உன் தந்தையும் என் தந்தையும் எந்த வகையில் உறவு? ஆனாலும் செம்மண்ணில் பெய்த மழைநீர் போல நெஞ்சம் கலந்துவிட்டது என்கிறான் தலைவன். இந்தப் பாட்டை ஆங்கிலத்தில் பெயர்த்தவரே ராமானுஜன்தான், 1967-இல் வந்த ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ நூலில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சங்கப் பாட்டில் குடும்பங்கள் அந்நியமாக இருப்பது காதலுக்குத் தடையே இல்லை. அங்கே ஒதுக்கிவிட்ட தந்தைகள் இங்கே திரும்பி வந்து நடுவில் உட்கார்ந்துகொள்கிறார்கள். கலந்த நீரைக் கல்யாணத்துக்குப் பிறகு பிரித்துப் பார்க்கிற கவிதை என்பேன். கவிஞர் இதை நினைத்துத்தான் எழுதினார் என்று அடித்துச் சொல்லாதீர்கள், அதற்கு ஆதாரம் காட்ட வேண்டிவரும். ‘எதிரொலி கேட்கிறது’ என்று எழுதினால் போதும்.

இன்னொன்று. இரண்டு கவிதையிலும் பேசுவது கவிதைசொல்லி, அதாவது கவிஞர் படைத்த ஒரு குரல். அது கவிஞரேதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ராமானுஜனின் அப்பா மைசூரில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். அதைக் கொண்டுவந்து கவிதையில் வரும் கடனுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

கட்டுரையில் ஒரு பத்தி எப்படி வரலாம் என்று எழுதிக் காட்டுகிறேன். ‘ஒபிச்சுவரி’யின் முடிவை எடுத்துக்கொள்கிறேன்:

‘அப்பா விட்டுச் சென்றவற்றின் பட்டியலில் கடைசியாக, வருடச் சடங்குகளோடு சேர்ந்து, “மாறிப்போன அம்மா” வருகிறாள். கவிதையில் “விதவை” என்ற சொல்லே இல்லை. அந்தச் சொல் வந்திருந்தால் விண்ணப்பப் படிவத்தில் நிரப்புகிற விவரமாக நின்றிருக்கும். “மாறிப்போன” என்பதால் எப்படி மாறினாள் என்று கேட்கத் தோன்றுகிறது, கவிதை பதில் சொல்வதில்லை. தூசி, கடன் என்று கேலியாகப் போன பட்டியலின் தொனி இங்கே தணிகிறது.’

ஐந்து வாக்கியம்தான். உத்தியின் பெயர் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். மதிப்பெண்ணுக்காக வேண்டுமானால் ‘மங்கல வழக்கு’ (அமங்கலமானதை நேரே சொல்லாமல் வேறு சொல்லால் சொல்வது) என்று ஓரிடத்தில் சேர்த்துக்கொள்ளலாம், தப்பில்லை. இரண்டு பக்கத்துக்கு இப்படி ஐந்து பத்தி தாராளம். எட்டு உத்தியில் எதை வெட்டுவது என்று தடுமாறினால், மாற்றிப் பார்த்தும் ஒன்றும் காணாமல் போகாதவற்றை முதலில் வெட்டுங்கள். பழைய கட்டுரையைத் தூக்கிப் போட வேண்டாம், அதன் ஓரத்திலேயே பென்சிலால் இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.