டேட்டாபேஸில் இன்டெக்ஸ் என்றால் என்ன? போட்டதும் தேடல் ஏன் வேகமாகிறது?

எந்த மதிப்பு அட்டவணையில் எங்கே கிடக்கிறது என்று வரிசைப்படுத்தி வைத்த தனிக் குறிப்புதான் இன்டெக்ஸ். அது இல்லையென்றால் சர்வர் முதல் வரியிலிருந்து கடைசி வரை புரட்டும்.

மதுரையில் ஒரு கடைக்குப் போக ஊரெல்லாம் அலைவதில்லையே. மேல மாசி வீதி, அதில் இன்ன சந்து, அங்கே மூன்றாவது கடை. இன்டெக்ஸும் அப்படித்தான் படிப்படியாக இறங்கும். படிக்கு 100 கிளை என்றால் 3 படியிலேயே 10 லட்சம் வரிகள் அடங்கிவிடும். ஆனால் மொபைல் எண்ணின் கடைசி 4 இலக்கத்தை மட்டும் கொடுத்துத் தேடினால் சாதாரண இன்டெக்ஸ் கைகொடுக்காது. வீதி பெயர் சொல்லாமல் ஆட்டோக்காரரிடம் ‘மூன்றாவது கடைக்குப் போங்கண்ணே’ என்ற கதைதான்.

எல்லா நெடுவரிசைக்கும் போட்டுவிட்டால் இன்னும் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். புது வரி சேரும் ஒவ்வொரு முறையும் அத்தனை இன்டெக்ஸையும் சர்வர் திருத்த வேண்டியிருப்பதால் எழுதும் வேலை மந்தமாகிவிடும்.