தார் ராட்டையில் லேஸ் நூல் சுற்றலாமா?

கேள்வி: நாகர்கோவிலில் உள்ள உறவினரிடம் தலையணை லேஸ் (திண்டின் மேல் வைத்து, பாபின் எனும் நூல் சுற்றிய குச்சிகளால் பின்னுவது) பின்னக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு பாபினுக்கும் கையால் நூல் சுற்றுவது சலிப்பாக இருக்கிறது. தறிக்குத் தார் (ஊடை நூல் சுற்றிய குழல்) சுற்றும் ராட்டை வீட்டில் உண்டு. அதுவே போதுமா, தனிக் கருவி வாங்க வேண்டுமா?
– வாசகி, செல்லூர், மதுரை

பதில்: ராட்டையை உள்ளபடியே பயன்படுத்த முடியாது. தார்க்குழலில் துளை இருப்பதால் ராட்டையின் சுழலும் கம்பியான கதிரில் செருகிவிடலாம்; லேஸ் பாபினோ துளையில்லாத மெல்லிய மரக்குச்சி, அதை வெளிப்புறமாகப் பற்றித்தான் சுழற்ற வேண்டும். தையல் இயந்திரத்தின் பாபின் சுற்றியும் இதே காரணத்தால் உதவாது. கதிரின் நுனியில் இறுக்கமான ரப்பர் குழாய்த் துண்டை மாட்டி, மறுமுனையில் பாபினின் அடியைச் செருகிப் பார்க்கலாம். ஆனால் பெரிய சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் கதிர் பல முறை சுழன்றுவிடுவதால், தறி நூலுக்குப் பழகிய கை சற்றே விரைந்தாலும் லேஸ் நூல் அறுந்துபோகும்.

வாங்குவதானால் விலையைப் பார்க்கும் முன் உங்கள் பாபினைப் பாருங்கள். இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் வகையில், பாபின் உருளாமலிருக்கவும் கனம் சேரவும் அடியில் மணிகள் கோத்த வளையம் தொங்கும். அது தடையின்றிச் சுழல இடம்விடும் பிடி தேவை. ஹானிட்டன் வகை மணியில்லாமல் வழவழப்பாக, கூரிய முனையுடன் இருக்கும். ஐரோப்பிய வகைகள் சிலவற்றின் அடி குமிழாகப் பருத்திருக்கும். ஒன்றுக்குப் பொருந்தும் பிடி மற்றொன்றைப் பற்றாது. நாகர்கோவிலில் இக்கலையை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கிவைத்தவர் மார்த்தா மால்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி என்றாலும், அதைக்கொண்டு உங்கள் பாபின் இன்ன வகை என்று முடிவுசெய்யாமல், ஒன்றைக் கையோடு எடுத்துச்சென்று கருவியில் பொருத்திப் பார்த்தே வாங்குங்கள். மேசை விளிம்பில் திருகி இறுக்கும் அமைப்பு அவசியம். ஒரு கை சக்கரத்திலும் மறு கை நூலிலும் இருக்க, கருவியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது.

முதல் பாபினில் சுற்றியபின் நூலை அங்கேயே வெட்டிவிடாதீர்கள். அதன் இணைப் பாபினுக்கும் வேண்டிய அளவு நூலை உருளையிலிருந்து இழுத்து வெட்டி, வெட்டிய முனையிலிருந்து இரண்டாவது பாபினில் சுற்றினால், இரண்டுக்கும் நடுவில் முடிச்சு விழாது. எல்லாப் பாபின்களிலும் ஒரே திசையில் சுற்றுங்கள்.

கேள்வி: பின்னும்போது பாபினிலிருந்து நூல் தானாக அவிழ்ந்து இறங்குகிறதே, ஏன்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பெரும்பாலும் கழுத்து நிரம்பி வழியுமளவு நூல் சுற்றியதே காரணமாக இருக்கும். கொஞ்சம் குறைத்துச் சுற்றி, தலைப்பகுதியில் போடும் சுருக்கைச் சரிபாருங்கள். பட்டு போன்ற வழுக்கும் நூலுக்கு அச்சுருக்கை இரட்டையாகப் போடுங்கள்.